எவரெஸ்ட் பனிச்சரிவும் நெய்யூர் டாக்டரும்

1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன் முறையாக மலேசியக் கொடி பறந்தது. அதை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் இருவர். எம். மகேந்திரன், என். மோகன்தாஸ். இருவருமே தமிழர்கள். சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக உச்சியை அடைந்தார்கள். நாட்டுக்கே பெருமை என்றாலும் தமிழ்ப்பள்ளிகளில் அந்தச் செய்திக்குத் தனி இனிப்பு இருந்தது. பொது அறிவுப் போட்டிகளில் இன்றும் அது ஒரு கேள்வி. (அந்த இருவருக்கும் டத்தோ பட்டம் வந்து சேர பத்தாண்டுக்கும் மேல் ஆனது. அது வேறு கதை.)

மலாக்காக்காரர்களுக்கு அந்த உயரத்தை மனத்தில் கொண்டு வருவது எளிதல்ல. ஆசஹான், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் ஜொகூர் எல்லையில் நிற்கும் குனோங் லேடாங்தான். அதன் உயரம் 1,276 மீட்டர். எவரெஸ்ட் 8,848 மீட்டருக்கும் சற்று அதிகம். ஏறத்தாழ ஏழு லேடாங் மலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

உயரத்தையாவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனியை என்ன செய்வது? தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது காலை நனைத்த புல்நுனித் துளியும் பனி. பால்மரங்களுக்கு இடையே புகைபோல் நின்றதும் பனி. இமயமலையில் ஆளையே புதைத்துவிடுவதும் பனி. பெரட்டில் நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இரவில் மழை பெய்து மரப்பட்டை ஈரமாக இருந்தால் அன்று வெட்டு இல்லை. மண்டோர் பட்டையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார். ஈரப்பட்டையில் கீறினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகப் போகும்.

மலைப் பனியையும் அப்படித் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வித்தை ஒன்று உண்டு. அதை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றில் 1922ஆம் ஆண்டின் ஒரு மதிய வேளைக்கு முக்கிய இடம் இருக்கிறது. எவரெஸ்டில் பதிவான முதல் பனிச்சரிவு மரணங்கள் அன்றுதான் நடந்தன. அங்கிருந்து உயிரோடு இறங்கியவர்களில் ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ் ஊர் ஒன்றில் கழித்தார். மலையேறும் உலகில் அவருக்குத் தனி இடம் உண்டு. தமிழர்களிடையே, நாஞ்சில் நாட்டுக்கு வெளியே, அவரை அறிந்தவர்கள் குறைவு.

சீனித் தட்டு

முதலில் பனிச்சரிவு என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். மலை மேல் இருக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை பெய்யும்போதும் ஓர் அடுக்கு சேர்கிறது. ஓர் அடுக்கு கெட்டியாக இருக்கும், இன்னொன்று பஞ்சு மாதிரி இருக்கும், மற்றொன்று காற்றால் அறையப்பட்டுப் பலகை போல் ஆகியிருக்கும். ஐஸ் கச்சாங் விற்பவர் சீவிக் குவிக்கும் ஐஸைப் பார்த்திருப்போம். சீவியவுடன் பொலபொலவென்று இருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகிவிடும். மலையிலும் அப்படி இறுகினால் நல்லது. சில நேரம் நேர்மாறாக நடக்கிறது. அடிப்பகுதி சூடாகவும் மேற்பகுதி கடுங்குளிராகவும் இருக்கும்போது, அடிப் பனியிலிருந்து நீராவி மேலே ஏறுகிறது. அப்போது அந்தப் பனித்துகள்கள் ஒட்டும் தன்மையை இழந்து சீனி போல் உதிரியாகின்றன.

ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கட்டம் வரை புத்தகம் அசையாது. அதற்குப் பிறகு மொத்தமாக வழுக்கும். பனிச்சரிவுகளில் மிக ஆபத்தான வகை இதுதான். மேலே பலகை, கீழே சீனி. சரிவு 30 பாகையிலிருந்து 45 பாகைக்குள் இருந்தால் போதும். அது ஏறக்குறைய வீட்டு மாடிப்படியின் சாய்வு, அல்லது அதைவிடச் சற்று அதிகம். மனிதன் நடந்து போகக்கூடிய சாய்வும் அதுவேதான்.

நமக்குத் தெரிந்த புல்நுனிப் பனிக்கும் இதில் பங்கு உண்டு. மலையில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் அதே ஈரம் பனிப்பரப்பின் மேல் இறகு போன்ற படிகங்களாக வளர்கிறது. பார்க்க அத்தனை அழகாக இருக்கும். அதன் மேல் புதுப் பனி பெய்து மூடிவிட்டால், உள்ளே மறைந்த அந்த இறகு அடுக்கு வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். மேலே வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மனிதனின் காலடி பட்டதும் "வும்ப்" என்று வயிற்றில் அடிப்பது போல் ஒரு சத்தம் வரும். உள்ளே இருந்த பலவீன அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். சரிவில் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் புதைப்பது, அவர்களோ அவர்களுடன் சென்றவர்களோ கிளப்பிவிட்ட சரிவுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

1922 ஜூன் 7

அந்த ஆண்டு ஆங்கிலேயர்கள் திபெத் வழியாக எவரெஸ்டின் வடபுறத்தை அடைந்தார்கள். சிகரத்தையே நோக்கமாகக் கொண்டு சென்ற முதல் பயணக்குழு அதுதான். தலைவர் ஜெனரல் சார்ல்ஸ் புரூஸ். ஏறுபவர்களில் ஜார்ஜ் மலோரி பெயர் உலகறிந்தது. இன்னொருவர் டாக்டர் தியோடர் ஹாவர்ட் சோமர்வெல். 1890இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தவர். குடும்பத் தொழில் காலணி செய்வது. முதல் உலகப் போரில், 1916 சோம் போர்க்களத்தில், அறுவை மருத்துவராக இருந்தவர். ஓவியம் தீட்டுவார், இசையும் தெரியும்.

சுமை தூக்கியவர்கள் டார்ஜிலிங்கில் ஆள் சேர்க்கப்பட்ட ஷெர்ப்பாக்கள், பூட்டியாக்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. வெளிநாடு செல்லும் கூலிகளை ஒழுங்குபடுத்தும் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்ததும் அதே 1922இல்தான். டார்ஜிலிங்கிலிருந்து மலைக்குப் போனவர்களும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சம்பளமும் சுமையும் முடிவு செய்யப்பட்ட விதம் மட்டும் ஒன்றுதான். போகும் வழியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

மே 21ஆம் தேதி மலோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் 8,200 மீட்டரைத் தாண்டினார்கள். அதற்கு முன் எந்த மனிதனும் எட்டாத உயரம் அது. சில நாளில் வேறு இருவர் ஆக்சிஜனுடன் இன்னும் மேலே போனார்கள். அத்துடன் நின்றிருக்கலாம். பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மூன்றாவது முயற்சி ஒன்று செய்வது என்று முடிவானது.

ஜூன் முதல் வாரத்தில் பனி கொட்டித் தீர்த்தது. பிறகு வானம் தெளிந்தது. ஒரு நாள் வெயில் காய்ந்ததும், பனி இறுகியிருக்கும் என்று கருதி, ஜூன் 7ஆம் தேதி காலை 8 மணியளவில் மூன்றாம் முகாமிலிருந்து புறப்பட்டார்கள். வடக்குக் கணவாய்க்கு ஏறும் செங்குத்தான சரிவு எதிரே நின்றது. மொத்தம் 17 பேர். மூன்று ஆங்கிலேயர், 14 சுமைதூக்கிகள். நான்கு கயிறுகளில் பிணைத்துக்கொண்டார்கள். முன் கயிற்றில் சோமர்வெல், மலோரி, கிராஃபர்ட், ஒரு சுமைதூக்கி. பின்னால் மூன்று கயிறுகளில் மற்ற 13 பேர்.

அவர்கள் கவனக்குறைவாகப் போனார்கள் என்று சொல்ல முடியாது. ஏறத் தொடங்கியதும் செங்குத்தான ஓர் இடத்தில் பனியை மிதித்து, வேண்டுமென்றே சரிய வைக்க முயன்று பார்த்தார்கள். அது அசையவில்லை. திருப்தியோடு மேலே போனார்கள். இன்றைக்குப் பனி ஆய்வு படித்த எவரும் அங்கேதான் தலையை ஆட்டுவார். சரிவின் ஓர் இடத்தில் கிடைத்த விடை அடுத்த 50 அடிக்குச் செல்லாது. காற்று எங்கே பனியைக் கொண்டுபோய்க் குவித்தது, எந்த அடுக்கு எங்கே மறைந்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். தவிரவும், பெரும்பனி பெய்து முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசமான நேரம். ஒரு மரத்தின் பட்டை காய்ந்திருக்கிறது என்பதற்காகத் தோட்டம் முழுவதும் காய்ந்துவிட்டது என்று எந்த மண்டோரும் சொல்லமாட்டார்.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். வெடிமருந்து வெடித்தது போல் ஒரு சத்தம். காலடியில் பனி நகர்ந்தது. முன் கயிற்றிலிருந்த நால்வரும் கொஞ்ச தூரம் இழுபட்டு, பனியிலிருந்து போராடி வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாம் கயிற்று நால்வரும் இன்னும் சற்றுக் கீழே தப்பி நின்றார்கள். மற்ற ஒன்பது பேரைக் காணவில்லை. அவர்களுக்கு நேர் கீழே ஒரு பனிக்கட்டிச் சுவர் இருந்தது. சரிவு அவர்களை அந்தச் சுவருக்கு மேலாகத் தூக்கி, அடியிலிருந்த பிளவுக்குள் எறிந்திருந்தது. இருவரை மட்டுமே உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிடும்படி உடன் வந்த சுமைதூக்கிகள் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் முகாமில் அவர்களுக்காகக் கல் அடுக்கி ஒரு நினைவுக் குவியல் எழுப்பப்பட்டது.

இறந்தவர் எழுவரும் சுமைதூக்கிகள். ஆங்கிலேயர் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோமர்வெல்லை அரித்தது இதுதான். பதினான்கு ஆண்டு கழித்து எழுதிய தம் நூலில்கூட அவர் இதை மறைக்கவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா, தங்கள் உயிரும் அவர்கள் உயிரும் ஒன்று என்று அது காட்டியிருக்குமே என்ற எண்ணம் அவரைத் துளைத்தது. மலோரியும் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார். பனியைப் பற்றித் தமக்குத் தெரிந்தது போதவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1924இல் பிரான்சின் ஷாமொனி குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தப் பயணக்குழுவுக்குப் பதக்கம் வழங்கப்பட்டபோது, இறந்த ஏழு பேரின் பெயரும் அதில் சேர்க்கப்பட்டது. பதக்கம் நல்லதுதான். ஆனால் அந்த ஏழு பெயரை இன்று சொல்லச் சொன்னால் மலையேறும் ரசிகர்களே திணறுவார்கள்.

நெய்யூர்

மலையிலிருந்து இறங்கிய சோமர்வெல் உடனே இங்கிலாந்து திரும்பவில்லை. கையிலிருந்த பணத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தெற்கே, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், நெய்யூர் என்ற ஊரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. 1838இல் தொடங்கிய பழைய மருத்துவமனை அது. அங்கே அவர் கண்டது ஒரு பெருங்கூட்டம். வாசல் வரை நோயாளிகள். வயிற்றுப் புண்ணோடும் கட்டிகளோடும் நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் அறுவை செய்ய வேலைக்களைப்பில் ஓய்ந்துபோன ஒரே ஒரு மருத்துவர்.

லண்டனில் பெரிய மருத்துவமனையில் நல்ல பணி சோமர்வெல்லுக்குக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். பனிச்சரிவுக்குப் பரிகாரமாகத்தான் வந்தார் என்று கதை கட்டிவிடுவது எளிது. அவர் அப்படிச் சொன்னதில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் அந்த ஏழு பேரை அவர் மறந்துவிடவில்லை என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. அது 1924 மே மாதம், அதே வடக்குக் கணவாய்ச் சரிவில் நடந்தது.

நெய்யூரிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டாவது எவரெஸ்ட் பயணத்தில் சேர்ந்திருந்தார் சோமர்வெல். கடும் பனிப்பொழிவில் நான்கு சுமைதூக்கிகள் மேலே, கணவாய் முகாமில் தனியாக மாட்டிக்கொண்டார்கள். கீழே வர வழியில்லை. இடையில் இருப்பது புதுப்பனி மூடிய சரிவு. இரண்டு ஆண்டுக்கு முன் ஏழு பேரைக் கொன்ற அதே மலைமுகம். நார்ட்டன், மலோரி, சோமர்வெல் மூவருக்கும் அப்போது உடல்நிலை சரியில்லை. இருமலில் தூக்கம் கெட்டிருந்தது. நிலைமையைப் பேசிப் பார்த்தார்கள். பிழைத்துத் திரும்பும் வாய்ப்பு பாதிகூட இல்லை என்று தெரிந்தே மே 24ஆம் தேதி மூவரும் ஏறினார்கள்.

கடைசிச் சரிவில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் போனவர் சோமர்வெல். மற்ற இருவரும் பின்னாலிருந்து கயிற்றை விட்டுக்கொடுத்தார்கள். நான்கு பேரும் நின்ற இடத்துக்கு ஏறத்தாழ பத்து கஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லை. அந்தப் பத்து கஜத்தை அவர்களே கடந்து வர வேண்டும். முதல் இருவர் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். மற்ற இருவரும் ஒன்றாகக் கிளம்பியதும் பனி பெயர்ந்தது. இருவரும் சரிந்து, கீழே பாதாளத்துக்குச் சில கஜம் முன்னால் எப்படியோ நின்றார்கள். அசையாமல் உட்காரும்படி சோமர்வெல் சத்தம் போட்டார். பயந்து துள்ளாமல் இருக்க நடுவில் வேடிக்கையாகவும் ஏதோ சொன்னாராம். பிறகு தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியைப் பனியில் ஆழ இறக்கி, கயிற்றை அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறு கையால் ஒவ்வொருவரையும் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேலே கொண்டு வந்தார். நால்வரும் உயிரோடு இறங்கினார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஜூன் 4ஆம் தேதி நார்ட்டனோடு சிகரத்தை நோக்கி ஏறினார் சோமர்வெல். தொண்டை அடைத்து அவர் பின்தங்கிவிட, நார்ட்டன் மட்டும் 8,570 மீட்டர் வரை போனார். ஆக்சிஜன் இல்லாமல் அதற்கு மேல் ஒருவர் ஏறியது 1978இல்தான். இறங்கும் வழியில் குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்தது. நெஞ்சை இரு கையாலும் அழுத்தி, கடைசி மூச்சு என்று நினைத்த மூச்சில் அதை இருமித் துப்பிப் பிழைத்தார். நான்கு நாள் கழித்து மலோரியும் இர்வினும் மேலே போய்த் திரும்பவில்லை. மலோரி கொண்டு போனது சோமர்வெல் கொடுத்த கேமரா. 1999இல் மலோரியின் உடலும் 2024இல் இர்வினின் கால் ஒன்றும் கிடைத்தன. அந்த கேமரா மட்டும் கிடைக்கவில்லை.

சோமர்வெல் நெய்யூர் திரும்பினார். இருபதாண்டுக்கும் மேலாக அங்கேயே அறுவை மேசையில் நின்றார். குடல் புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் பேர்பெற்றவை. மரவள்ளிக் கிழங்கும் மிளகாயும் தின்று வயிறு கெட்ட ஏழைகள்தான் அவருடைய நோயாளிகள். வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் சிகிச்சையும் அங்கே நடந்தது. 1949 முதல் 1961 வரை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார். 1975இல் இங்கிலாந்தில் காலமானார். நெய்யூர் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. கேரள எல்லையிலுள்ள காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

குழி தோண்டிப் படித்தவர்கள்

பனிச்சரிவைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் போர்களுக்கும் பங்கு உண்டு. 1916 டிசம்பர் 13ஆம் தேதி இத்தாலிய எல்லையில் மர்மோலாடா மலைச்சரிவில் ஆஸ்திரியப் படைமுகாம் ஒன்று புதைந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே காலையில் மாண்டார்கள். 1936இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே ஒரு குடிசை போட்டுக்கொண்டு சிலர் பனியில் குழி தோண்டி அடுக்கு அடுக்காகப் படிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் இன்று ஐரோப்பாவில் குளிர்காலத்தில் தினமும் வெளியிடப்படும் பனிச்சரிவு எச்சரிக்கை வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை அபாய எண். 1969இல் இந்திய அரசு மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. 2020இல் அது வேறோர் ஆய்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

பனிமலையில் நடப்பவர்கள் இப்போது மூன்று பொருள் இல்லாமல் கிளம்புவதில்லை. புதைந்தவர் இருக்குமிடத்தைச் சமிக்ஞையால் காட்டும் சிறு கருவி, குத்திப் பார்க்க நீண்ட கம்பி, தோண்ட மண்வெட்டி. கூட வந்தவர்களே தோண்ட வேண்டும். முதல் 10 நிமிடத்தில் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் கடந்துவிட்டால் மூன்றில் ஒருவர் மிஞ்சினாலே பெரிது. வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

அறிவும் கருவியும் வந்துவிட்டன என்றாலும், எங்கே நிற்பது என்பதைத் தாமே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு அவை பாதி உதவிதான். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனாம் சாவடி மேல் பனிச்சுவர் சரிந்தது. புதைந்தவர்கள் பத்துப் பேர். அவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூர் மாவட்டத்து ஏழுமலை, தேனி மாவட்டத்துக் குமார், மதுரை மாவட்டத்துக் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்து இராமமூர்த்தி. பனியைக் கண்ணால் பார்க்காத ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆறாம் நாள், 25 அடி ஆழத்திலிருந்து கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டபோது உலகமே வியந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி அவரும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார்.

ஏணி கட்டியவர்கள்

மகேந்திரனும் மோகன்தாஸும் 1997இல் ஏறியது நேப்பாளப் பக்கத்துப் பாதை. அந்தப் பாதையின் வாசலிலேயே கும்பு பனியருவி இருக்கிறது. பனியாறு ஒன்று செங்குத்தாக இறங்கும் இடத்தில் வீடளவு ஐஸ் பாறைகளாக உடைந்து, தினமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே ஆபத்து சீனி அடுக்கால் வருவதில்லை. மேலே தொங்கும் ஐஸ் சுவர் எந்த நேரமும் முறிந்து விழலாம். பனியில் குழி தோண்டிப் பார்த்து அதை அறிய வழியில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். அதன் அடியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. அதனால்தான் வெயில் ஏறுமுன், இருட்டிலேயே கடக்கிறார்கள்.

வெளிநாட்டு ஏறுநர் ஒருவர் ஒரு பருவத்தில் அந்த இடத்தைச் சில முறை கடப்பார். கூடாரம், கயிறு, அரிசி, ஆக்சிஜன் எல்லாம் சுமக்கும் ஷெர்ப்பா அதைப் போல் பல மடங்கு கடக்க வேண்டும். பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளை வைத்துக் கட்டி ஒவ்வொரு பருவமும் பாதை திறப்பவர்களுக்கு "ஐஸ் டாக்டர்கள்" என்றே பெயர். மலேசியக் கொடி உச்சிக்குப் போனதும் அப்படிக் கட்டப்பட்ட ஏணிகளின் மேல்தான். அன்று நம் இருவரோடு ஷெர்ப்பாக்களும் உச்சியில் நின்றார்கள். பொது அறிவுப் போட்டியில் அவர்கள் பெயரை யாரும் கேட்பதில்லை.

மலாக்காவில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ளப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது 1896இல், மலாக்கா புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான். அது சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பிறகு அந்த மாநிலத்துக் காடுகளை அழித்து, வரிசை பிடித்து, கன்று நட்டு, கொசுக்கடியில் காய்ச்சலில் விழுந்தவர்கள் யார் என்று புத்தகத்தைப் புரட்டினால் "தொழிலாளர்கள்" என்ற ஒரு சொல் கிடைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்ட பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லும் ஆளும் குறைந்துவிட்டது.

2014 ஏப்ரல் 18ஆம் தேதி காலை ஏழு மணி ஆகுமுன், எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து ஒரு பெரும் ஐஸ் பாறை முறிந்து கும்பு பனியருவி மேல் விழுந்தது. சுமையோடு போய்க்கொண்டிருந்த 16 நேப்பாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். வெளிநாட்டவர் ஒருவரும் இல்லை. மூவரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்தத் தோளின் அடியில் போகும் பாதை ஆபத்தானது என்று மலையை அறிந்தவர்கள் முன்பே சொல்லி வந்ததுதான். அது குறுக்கு வழி. அதனால் ஆண்டுதோறும் அதையே திறந்தார்கள்.

நேப்பாள அரசு குடும்பத்துக்கு 40,000 ரூபாய் என்று முதலில் அறிவித்தது. அமெரிக்கப் பணத்தில் சுமார் 400 டாலர். ஓர் ஏறுநர் சிகரத்துக்காகச் செலவழிப்பது அதைப்போல் நூறு மடங்கு. அடிவார முகாமில் ஷெர்ப்பாக்கள் கூடினார்கள். காப்பீட்டை உயர்த்த வேண்டும், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை வேண்டும், நினைவுச்சின்னம் வேண்டும் என்று கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தார்கள். அமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து பேசிப் பார்த்தார். பருவம் திறந்தே இருக்கிறது, ஏறலாம் என்றார். பணம் கட்டிக் காத்திருந்த வெளிநாட்டவரில் சிலர் கோபப்பட்டார்கள், பலர் தலை குனிந்தார்கள்.

அந்தப் பருவத்தில் ஷெர்ப்பாக்கள் மேலே போக மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு குழுவாகக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது. பிற்பாடு கட்டாய ஆயுள் காப்பீட்டுத் தொகை உயர்த்தப்பட்டது. 2015இல் ஐஸ் டாக்டர்கள் மேற்குத் தோளின் அடியிலிருந்து ஏணிகளை விலக்கி, பனியருவியின் நடுப்பகுதி வழியாகப் புதிய பாதை கட்டினார்கள். அது இன்னும் கடினமானது, நேரமும் கூடுதலாகும்.